மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழும் என் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் பெண்களுக்கான ஒன்பது பந்து பூல் என்ற மேசைப் பந்தாட்டப் போட்டியில் வென்ற கோப்பையோடு நான் பஸ்ஸை விட்டு இறங்கிய இரவு, மழையில் நின்று மாலை போட்டீர்கள். மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். "நன்றி" என்று ஒரு சொல் சொன்னேன், அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அன்று தொண்டையில் நின்றதை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவிலிருந்து தொடங்க வேண்டும். பழைய ஆட்களிடம் 'மார்க்கர்' என்று சொன்னால் போதும், அவரைத் தெரியும். துரைமார் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசை அவர் பொறுப்பு. பச்சைத் துணியை ஒரே போக்கில் பிரஷ் பிடிப்பது, இஸ்திரி போடுவது, பந்துகளைத் துடைப்பது, புள்ளிக் கணக்கை ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. பன்னிரண்டடிக்கு ஆறடி மேசை, மூன்றே பந்து. ஏதாவதொரு துரை துணையில்லாமல் வந்துவிட்டால் தாத்தா எதிரே நின்று ஆட வேண்டும். ஆடலாம், ஜெயிக்கக் கூடாது. சிவப்புப் பந்தைக் குழியில் போட்டால் மூன்று புள்ளி. அதைப் போடாமல் குழி விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தத் தாத்தா பழகிக்கொண்டார். போடுவதைவிட அதுதான் கஷ்டம் என்பது கியூ கோலைப் பிடித்த எவருக்கும் தெரியும். அத்தனை வருஷம் தோற்றுக் கொடுத்த மனுஷர், எனக்கு ஏழு வயதானபோது பால் டின் பெட்டியைக் கவிழ்த்து என்னை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, "நீ யாருக்காகவும் விட்டுக் குடுக்காத தாயி" என்றார். போட்டியின் கடைசிப் பந்துக்குக் குனிந்தபோது என் காதில் இருந்தது அந்தக் குரல்தான்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதே மேசையில் ஆடும் ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரிகள் தொடங்கிய ஆட்டம். அதன் விதிகளை எழுதி மாட்டியது 1882-இல் ஊட்டி கிளப்பில். "நம்ம ஊர்ப் பக்கம் எழுதினது, நமக்கு வராதா?" என்று கேட்பார்.

எண்பதுகளில் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய் தரும் செம்பனை போட்டார்கள், கிளப்பையும் மூடினார்கள். மேசையை விறகுக்குப் போகாமல் காப்பாற்றியவர் பட்டணத்தில் இரும்புக் கடை வைத்திருந்த சீன முதலாளி, எங்களுக்குத் தவுக்கே. தானே வாங்கித் தன் கடை மாடியில் போட இடம் கொடுத்தார். அந்த மேசைக்கு அடியில் ஐந்து கற்பலகைகள். எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னுக்கு மேல். கிளப்பிலிருந்து லோரிக்கும், லோரியிலிருந்து அந்தக் குறுகலான மாடிப்படி வழியாகவும் கற்களைத் தோளில் சுமந்தவர்கள் நம் தோட்டத்து ஆண்கள். பலர் இன்று இல்லை. மிச்சம் இருப்பவர்களில் ஒருவர் அன்றிரவு கூட்டத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி, தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். "இங்கதான் புள்ள வெச்சுத் தூக்குனோம்." ஐயா, நீங்கள் தூக்கிய கல்லின் மேல்தான் நான் ஆட்டம் படித்தேன். உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன்.

தவுக்கே எங்கள் குடும்பத்திடம் ஒரு நாளும் மேசைக் காசு வாங்கியதில்லை. ஆனால் பள்ளிச் சீருடையோடு மாடி ஏறக்கூடாது என்பதில் கறாராக இருந்தார். ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் நான் உடை மாற்றிக்கொள்ள ஒரு தடுப்புக்கூட அடித்து வைத்தார். தவுக்கே, உங்களுக்கும், இன்று கடையை நடத்தும் உங்கள் மகனுக்கும் என் நன்றி.

அப்பா காலையில் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார், மாலையில் மேசை பழுது பார்த்தார். துணி மாற்றுவது, மட்டம் பார்ப்பது, மேசை ஓரத்துக் குஷன் ஒட்டுவது என்று ஈப்போ வரைக்கும் போவார். குஷனைக் கட்டை விரலால் அழுத்தி, "இது நம்ம பாலு" என்று எனக்குக் காட்டுவார். உண்மைதான். 1835 வாக்கில் லண்டனில் ஜான் தர்ஸ்டன் என்பவர் மேசை ஓரத்தில் ரப்பரை வைத்துப் பார்த்தார். குளிர் வந்தால் அது கல்லாக இறுகிவிடும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்திய ரப்பர் வந்த பிறகே பந்து ஒழுங்காகத் திரும்பி ஓடத் தொடங்கியது. பிறகு 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பதை நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. சின்ன வயதில் அப்பா என்னை அங்கே கூட்டிப்போய், மரத்தடியில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். பால் பிடிக்கும் மங்கும் வாளியும் தூக்கிய கைகள் செய்த பொருளில்தான் என் பந்து பட்டுத் திரும்புகிறது என்ற நினைப்பு, வெளியூர் மேசைகளில் எனக்குப் பெரிய தைரியம்.

பெரியப்பாவுக்குப் பூல் ஆட்டத்தில் மதிப்பே இல்லை. ஒன்பதடி மேசை, அகலமான குழி, இதெல்லாம் ஓர் ஆட்டமா என்பார். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அண்ணன். பிலிப்பைன்ஸ் பூல் ஆட்டக்காரர் எஃப்ரன் ரெயஸ் மணிலாவில் மாமாவின் பூல் கூடத்தில் வளர்ந்ததையும், உயரம் பற்றாமல் பாட்டில் பெட்டி மேல் நின்று ஆடியதையும், இரவில் மேசையிலேயே தூங்கியதையும், 1999-இல் உலகச் சாம்பியன் ஆனதையும் அண்ணன் சொன்ன அன்று, 'நானும் பெட்டி மேல் நின்றவள்தானே' என்று மனசு துள்ளியது. கடைசியில் பெரியப்பா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. தினமும் முதல் ஒரு மணி நேரம் பழைய மேசையில் மூன்று பந்து பில்லியர்ட்ஸ், பிறகு பூல். அந்த ஒரு மணி நேரம்தான் வெள்ளைப் பந்து அடித்த பிறகு எங்கே போய் நிற்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது. பெரியப்பா, உங்கள் பிடிவாதத்துக்கு நன்றி.

இனி அத்தை. எங்கள் வீட்டில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று கேட்டால் ஆண்கள் தங்களுக்குள் சண்டை போடுவார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை, அத்தைதான். அவர் காலத்தில் ஒரு பெண் பில்லியர்ட்ஸ் மாடிக்குப் போனால் ஊர் பேசும், கல்யாணம் தடைபடும். அதனால் கடை அடைத்த பிறகு, சன்னல்களைச் சாத்திவிட்டு, தாத்தா துணைக்கு உட்கார அத்தை ஆடினார். ஓர் இரவு தன் முறை வந்தபோது இடையில் தவறவிடாமல் தொடர்ந்து 87 புள்ளி எடுத்தாராம். பார்த்தவர்கள் தாத்தாவும் அப்பாவும் மட்டுமே. எந்தப் போட்டியிலும் அவர் பெயர் இல்லை, எந்தச் சுவரிலும் அவர் படம் இல்லை. நான் ஆடும்போது அத்தை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கியூ பந்தில் படும் சத்தத்தை வைத்தே, "மணிக்கட்டு இறுகுது, விடு" என்பார். தாடை கியூவைத் தொட வேண்டும், மூச்சை விட்டுவிட்டு அடிக்க வேண்டும், அடித்த பிறகும் தலையைத் தூக்கக் கூடாது. இந்த மூன்றும் அத்தை தந்தவை. அத்தை, கோப்பையில் என் பெயர் பொறித்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களே, அதைப் பார்த்துத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா கியூவைத் தொட்டதே இல்லை. விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போய், மாலையில் சோற்று அடுக்கோடு நேராக மாடிக்கு வருவார். பெஞ்சில் சாய்ந்து தூங்குவார். பெற்றவள் பக்கத்தில் இருக்கிறாள் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு. பதினொரு வருஷம் அந்தப் பெஞ்சில் தூங்கினார். என் கியூ உறை அவருடைய கல்யாணத்துக்கு அடுத்த தீபாவளிச் சேலையில் தைத்தது. கிழிந்தால் மறுபடி தைத்துக் கொடுங்கள் அம்மா, வேறு வாங்க மாட்டேன்.

அப்பாவைத் தேடி வந்து, "பொம்பளப் பிள்ளைய ஸ்னூக்கர் கடையில விடாதீங்க" என்று சொன்னவர்களும் உண்டு. எனக்குக் கோபம் இல்லை. சூதாட்டமும் சண்டையுமாக நம் பையன்கள் சிலர் அந்த இடங்களில் கெட்டதைப் பார்த்தவர்கள் நீங்கள். அப்படிச் சொன்ன ஒரு மாமாதான் பின்னால் மூன்று போட்டிகளுக்குத் தன் வேனில் எங்களைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போனார், எண்ணெய்க் காசுகூட வாங்காமல்.

இந்த முறை செலவை ஏற்பதாகச் சொன்ன ஒரு நிறுவனம், போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கைவிரித்தது. வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஒட்டுக்கடை அக்கா கல்லாப் பக்கத்தில் ஒரு மைலோ டின்னை வைத்தார். பசியாற வந்தவர்கள் ஆளுக்குப் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், போட்டீர்கள். ஐந்தாம் நாள் டின் நிறைந்தது. அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய கதையைத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அது கதையாக இருந்தது. அந்த டின்னைக் கையில் வாங்கியபோது அதன் எடை தெரிந்தது. போட்டவர்கள் பெயரை அக்கா எழுதி வைக்கவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டேன் என்கிறார். யாரென்று தெரியாத உங்கள் ஒவ்வொருவருக்கும் என் கும்பிடு.

அந்த ஆசிரியைக்கும் ஒரு வரி. வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்த நாள்களில் என்னைத் திட்டாமல், இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து முடிக்க வைத்தீர்கள் டீச்சர். மறக்கமாட்டேன்.

பரிசுப் பணத்தில் முதல் செலவாகப் பழைய மேசைக்குப் புதுத்துணி வாங்கியிருக்கிறோம். அப்பாவும் அண்ணனும் இந்த வாரம் போடுகிறார்கள். வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் இரும்புக் கடை மாடிக்கு வந்துவிடுங்கள். படி ஏற முடியாத பெரியவர்களைப் பையன்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். தேத்தண்ணியும் வடையும் உண்டு. சன்னல்களையெல்லாம் திறந்து வைக்கிறோம். முதல் அடி அத்தை அடிக்கிறார்.

அன்புடன்,
மார்க்கர் வீட்டுப் பேத்தி