மருந்துப் பொடிக்கு முன் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெண்பன்றி வளர்ப்போரில் பலர் தீவன மூட்டையோடு ஆன்டிபயாட்டிக் பொடியையும் சேர்த்தே வாங்கி வைக்கிறார்கள். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த சில நாளில் கழிச்சல் கண்டால் தீனியில் ஒரு பிடி, மழைக்காலத்தில் இருமல் கேட்டால் தண்ணீரில் ஒரு மூடி, எதுவுமே இல்லாவிட்டாலும் "வளர்ச்சிக்கு" என்று அவ்வப்போது கொஞ்சம். இதை நிறுத்துங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். நிறுத்தினால் குட்டி சாகிறது என்கிறார்கள் பண்ணையாளர்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். எதையெல்லாம் சரிசெய்தால் குட்டி சாகாமல் மருந்தை நிறுத்த முடியும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

நோய் கண்ட பன்றி முதலில் தீனியை விட்டு ஒதுங்கும். மூலையில் தலையைத் தொங்கப்போட்டுக் கிடக்கும். தொட்டியில் முட்டிமோதித் தின்பவை நல்ல நிலையில் இருக்கும் மற்ற பன்றிகள். தீனியில் கலந்த மருந்து வேண்டியதற்குப் போய்ச் சேராமல், வேண்டாதவற்றின் வயிற்றுக்குள் அரைகுறை அளவில் போகிறது. அங்கே மருந்துக்கு மசியும் கிருமிகள் மடிய, மசியாதவை தங்கிப் பெருகுகின்றன. அதே கொட்டகையில் அடுத்த ஈற்றுக் குட்டிகள் பிறக்கும்போது அவற்றின் வாய்க்கு முதலில் எட்டுவதும் அந்தக் கிருமிதான். போன வருடம் கேட்ட மருந்து இந்த வருடம் கேட்கவில்லை என்ற புலம்பலுக்கு இதுவே காரணம். கம்பெனி மருந்தில் கலப்படம் செய்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

மருந்துக்கு மசியாத அந்தக் கிருமி பண்ணையோடு நிற்பதில்லை. கோலிஸ்டின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதற்கும் அசையாத கிருமிகளுக்கு எதிராகக் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது. அதே மருந்துதான் உலகின் பல நாடுகளில் பன்றித் தீவனத்தில் டன் கணக்கில் கொட்டப்பட்டது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள்: கோலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் இருக்கிறது. அது பிளாஸ்மிட் எனும் தனி டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருப்பதால், ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கு, இனம் விட்டு இனம்கூட, அதைக் கைமாற்றிக் கொடுக்கும். இந்தியாவில் 2019 ஜூலை முதல் உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன்களுக்கும் தீவனக் கலவைக்கும் கோலிஸ்டின் தயாரிப்பதும் விற்பதும் தடை. பழைய பழக்கத்தில் யாராவது "கழிச்சல் பொடி" என்று லேபிள் இல்லாத பொட்டலத்தை நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இனி, கழிச்சல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். தாயிடம் குடிக்கும் வரை, பாலில் வரும் எதிர்ப்புப் பொருள்கள் குட்டியின் குடலைப் பூசி வைத்ததுபோல் காக்கின்றன. பிரித்த அன்றே அந்தக் காப்பு அறுந்துபோகிறது. தாயைக் காணோம், புது இடம், முன்பின் தெரியாத குட்டிகளோடு சண்டை என்று குட்டி ஒரு நாளோ இரண்டு நாளோ எதையும் தின்னாது. அந்தப் பட்டினியில், குடலின் உள்சுவரில் விரல்போல் நீண்டு சத்தை உறிஞ்சும் நுண்முளைகள் சுருங்கிவிடும். பிறகு பசி தாங்காமல் சோயா புண்ணாக்குத் தீவனத்தை ஒரே மூச்சில் தின்று தீர்க்கும். வயிற்றில் அமிலம் இன்னும் போதுமான அளவு சுரக்காத வயது. செரிக்காத புரதம் கீழே இறங்க, ஈ.கோலை கிருமிக்கு விருந்து. அதன் நஞ்சு உடலின் தண்ணீரைக் குடலுக்குள் இறைத்து வெளியே தள்ளும். குட்டி பெரும்பாலும் நீரிழந்துதான் சாகிறது.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் மருந்தில்லாமல் அறுக்க முடியும். பத்து முதல் பதினான்கு நாள் வயதிலிருந்தே குட்டித் தீவனத்தை ஒரு கைப்பிடி அளவில், தாய்க்கு எட்டாத மூலையில், தினமும் புதிதாக வையுங்கள். மீந்ததை எடுத்துவிடுங்கள், புளித்துப்போனதைக் குட்டி முகராது. பிரிக்கும் நாளில் குட்டிகளை நகர்த்தாமல் தாயை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். பழகிய தரையும் பழகிய வாசனையும் ஒரு வாரமாவது குட்டிகளுக்கு மிஞ்சட்டும். ஈற்றுகளைக் கலக்காதீர்கள். முதல் வாரம் தீனியை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, கொஞ்சம் பசி மிச்சமிருக்கும்படி வையுங்கள். புரதத்தை 18 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். கழிச்சல் கண்டுவிட்டால் முதல் சிகிச்சை உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். மனிதர்களுக்கு விற்கும் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டே போதும், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் கரைத்து, தாழ்வான தட்டில் தனியாக வையுங்கள், பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

எந்த வயதில் பிரிப்பது என்பதில்தான் பெரிய சச்சரவு. 28 நாளில் பிரித்தால் தாய் சீக்கிரம் அடுத்த சினைக்கு வரும், லாபம் என்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சினைக்காலம் 114 நாள், பால் கொடுப்பது 28, மறுபடி பருவத்துக்கு வர ஒரு வாரம். மொத்தம் 149 நாள், ஆண்டுக்கு 2.45 ஈற்று. 42 நாள் பால் கொடுத்தால் 163 நாள், ஆண்டுக்கு 2.24 ஈற்று. வித்தியாசம் ஒரு ஈற்றில் ஐந்தில் ஒரு பங்கு. ஈற்றுக்குப் பத்துக் குட்டி என்றால் ஒரு தாய்க்கு ஆண்டுக்கு இரண்டு குட்டிகள். அவசரமாகப் பிரித்த குட்டிகளில் சாவதையும், தேறாமல் வயிறு ஒட்டிப்போய் நிற்பவற்றையும், மருந்துச் செலவையும் இந்த இரண்டு குட்டிகளுக்கு எதிரில் வைத்து ஒவ்வொருவரும் எழுதிப் பார்க்கட்டும். வெப்பக் கட்டுப்பாடும் தனிக் கொட்டகையும் இல்லாத சிறு பண்ணைக்கு ஆறு வாரத்துக்கு முன் பிரிப்பது கட்டுப்படியாகாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வளர்ப்பு முறையை மாற்றினால்தான் மருந்தை நிறுத்த முடியும் என்பதை டென்மார்க்கில் நடந்ததும் காட்டுகிறது. பிரித்த குட்டிகளுக்கு வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை அவர்கள் 1999 முடிவோடு நிறுத்தினார்கள். முதலில் கழிச்சல் கூடியது, சிகிச்சைக்கான மருந்தும் கூடியது. கொட்டகையையும் தீனியையும் மாற்றியவர்கள் மீண்டார்கள். 2010இல், அளவுக்கு மேல் மருந்து வாங்கும் பண்ணைக்கு மஞ்சள் அட்டை காட்டும் முறையைக் கொண்டுவந்த பிறகே பயன்பாடு சரிந்தது. வளர்ப்பு முறையை மாற்றாமல் மருந்தை மட்டும் பிடுங்கினால் பண்ணையாளர்தான் நட்டப்படுவார். அரசு அதிகாரிகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

தண்ணீருக்கு வருகிறேன். பண்ணைக்குள் போனதும் மருந்து அலமாரியைத் திறக்குமுன் ஒரு லிட்டர் பாட்டிலை, பன்றிகள் வாயால் அழுத்திக் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளின் கீழே பிடித்து, அழுத்தியபடி ஒரு நிமிடம் பாருங்கள். பிரித்த குட்டிகளுக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், வளர்ந்த பன்றிக்கு ஒரு லிட்டர், பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டு லிட்டர் வரை வர வேண்டும். தாய்ப்பன்றி ஒரு நாளைக்கு 20 முதல் 30 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு அரை லிட்டர்தான் சொட்டுகிறது என்றால் அது நின்று குடிக்கப் பொறுமையில்லாமல் போய்ப் படுத்துவிடும். பால் வற்றும், குட்டி நோஞ்சானாகும், பழி கிருமியின் மேல் விழும். ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்புப் படிந்து நிப்பிளின் உள்வலை அடைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும்.

குட்டி வெளிறி, விலா எகிற மூச்சு வாங்கினால் சளி என்று ஊசி போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை. சிமென்ட் தரையில் பிறந்த குட்டிக்கு இரும்பு தரும் மண் கிடைக்காது. நாளொன்றுக்கு 7 முதல் 10 மில்லிகிராம் இரும்பு வேண்டிய இடத்தில் தாய்ப்பாலில் கிடைப்பது சுமார் ஒரு மில்லிகிராம். மூன்றாம் நாள் கழுத்துச் சதையில் 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி போட்டால் அந்த "சளி" வராது.

இருமலுக்குக் காற்றைப் பாருங்கள். நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. பன்றியின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். கண் எரிந்தால் அம்மோனியா மிகுதி; அந்தக் காற்றையே இரவு பகலாக இழுக்கும் நுரையீரலுக்கு எந்த ஊசியும் நிரந்தரத் தீர்வு தராது. வெயில் காலத்தில் இன்னொரு சிக்கல்: பன்றிக்கு வியர்வையால் உடலைக் குளிர்விக்க முடியாது. நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் தன் சாணத்திலும் மூத்திரத்திலுமே புரளும். பன்றி அழுக்குப் பிராணி என்ற பேர் இப்படித்தான் வந்தது. மதியத்தில் இரண்டு மூன்று முறை தெளிப்பானைச் சில நிமிடம் ஓடவிட்டால் பன்றி சாணத்தைத் தொடாது. கொழுக்கும் பன்றி ஒன்றுக்குக் கூரையடியில் 0.9 முதல் 1.8 சதுர மீட்டர் இடம் விடவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. திரும்பக்கூட முடியாத கம்பிச் சட்டத்தில் சினைப்பன்றியை மாதக்கணக்கில் அடைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுக்கே விரோதம். வேலை சுலபம் என்பதற்காக ஓர் உயிரை அப்படி நிறுத்தி வைப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

இத்தனைக்குப் பிறகும் மருந்து தேவைப்படும் நோய் வரும். அப்போது மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன நாள் வரை, சரியான எடைக்குக் கொடுங்கள். கண்மதிப்பில் எடை போடுவதில்தான் தவறு நடக்கிறது. தையல் நாடா போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வாலடி வரை நீளம், இரண்டையும் மீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் 69.3 ஆலும் பெருக்கினால் கிலோ கணக்கு ஏறத்தாழ வந்துவிடும். சுற்றளவு 0.90, நீளம் 0.95 என்றால் 53 கிலோ. இதை 40 என்று நினைத்து ஊசி போட்டால் பன்றியும் தேறாது, கிருமியும் பாடம் கற்றுக்கொள்ளும். மருந்து கொடுத்த தேதியைச் சுவரில் எழுதுங்கள். எத்தனை நாள் கழித்து இறைச்சிக்கு அனுப்பலாம் என்பது லேபிளில் இருக்கும். இல்லாவிட்டால் குறைந்தது 28 நாள் என்று 2012இல் மருந்து விதிகளில் சேர்த்திருக்கிறார்கள்.

கடைசியாக, எந்த ஆன்டிபயாட்டிக்கும் தொட முடியாத நோய். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நுழைந்தது. 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடியில் கண்டறியப்பட்டது. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக்கிடந்த காட்டுப்பன்றிகளில் உறுதியானது. மனிதருக்குத் தொற்றாது. பன்றிக்கு வந்தால் 41 டிகிரியைத் தொடும் காய்ச்சல், காதும் அடிவயிறும் செந்நீலமாதல், சில நாளில் சாவு. இது வைரஸ். பயத்தில் ஆன்டிபயாட்டிக் மருந்தை வரிசையாக ஒரே ஊசியால் குத்திக்கொண்டே போனால், அந்த ஊசியே நோயைக் கொட்டகை முழுக்கக் கொண்டுபோய்விடும். தடுப்பூசி உள்ள பழைய பன்றிக் காய்ச்சலும் பார்வைக்கு இதேபோலத்தான் இருக்கும். ஆய்வகத்தில்தான் பிரித்தறிய முடியும்.

நாடு விட்டு நாடு இந்த வைரஸ் பயணம் செய்ததில் சரியாக வேகாத பன்றி இறைச்சி கலந்த மிச்ச உணவுக்குப் பெரும் பங்கு. நம் ஊரில் ஓட்டல் மிச்சத்தை நம்பித்தான் பல சிறு பண்ணைகள் நடக்கின்றன. அதை ஒரேயடியாகத் தடுத்தால் அவர்கள் பிழைப்பு போய்விடும். ஆனால் 90 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம், விடாமல் கிளறியபடி காய்ச்ச வேண்டும் என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி. கிளறுவது முக்கியம்: 200 லிட்டர் டிரம்மில் அடி தீய்ந்துகொண்டிருக்கும்போது நடுவில் கிடக்கும் எலும்பு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பச்சை மிச்சத்தைக் கொண்டுவந்த வாளியிலேயே காய்ச்சியதை அள்ளினால் அத்தனை விறகும் வீண். ஓட்டல் மிச்சத்தில் உப்பு அதிகம். பக்கத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் பன்றி கண் தெரியாமல் சுற்றி வலிப்பு வந்து விழும், அதையும் நோய் என்று நினைத்து ஊசி போடுவார்கள்.

உள்ளாட்சி அமைப்புகள் ஓட்டல் மிச்சத்தை, காய்ச்சும் அடுப்பும் தெர்மாமீட்டரும் உள்ள பண்ணைகளுக்கு மட்டும் ஒப்படைக்கும்படி விதி செய்யலாம். அந்த அடுப்புக்குக் கால்நடைத் துறை மானியம் தரலாம். நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டரில் பன்றிகளை அழிக்கும்போது இழப்பீடு மாதக்கணக்கில் இழுத்தால், அடுத்த ஊர்க்காரர் துறைக்குச் சொல்லமாட்டார். காய்ச்சல் கண்ட பன்றியை இரவோடு இரவாக வண்டியேற்றி விற்றுவிடுவார். அழித்த அன்றே எண்ணிக்கையை எழுதி, பதினைந்து நாளில் பணத்தை வங்கிக் கணக்கில் சேர்க்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பன்றிப் பண்ணையாளர்களோடு பணிபுரியும் கால்நடை மருத்துவர்கள் சிலர்