அந்தச் சீட்டில் நிமிஷக் கணக்கையும் எழுதுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மருத்துவமனை நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

எங்கள் சித்தப்பா இன்றைக்கு எழுந்து உட்கார்ந்து ராகிக் களி கேட்கிறார் என்றால், அன்று அவர் நெஞ்சை அழுத்தி இதயத்தை மறுபடி ஓட வைத்த டூட்டி டாக்டரும் நர்ஸுகளும்தான் காரணம். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு கொடுத்த சீட்டின் மேல்தான்.

சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி உங்களில் ஒருவர் கொடுத்த சீட்டில், மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறோம் என்று ஒரே ஒரு வரி. இதயம் எத்தனை நிமிஷம் நின்றது, பிபி எவ்வளவு நேரம் இறங்கிக் கிடந்தது, ஒன்றுமே இல்லை. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்ந்து, மறுநாள் ரத்தம் பார்த்தால், சாதாரணமாக 40-க்குள் இருக்க வேண்டிய எஸ்ஜிபிடி, அதாவது கல்லீரல் அடிபட்டால் ஏறும் எண், மூவாயிரத்துக்கு மேல். உடனே ஐசியூ வாசலில், அத்தனை பேர் நிற்க, சித்தியிடம் கேள்வி: "தினமும் குடிப்பாரா?" பீடிகூடத் தொடாத மனுஷனுக்காக அவர் "இல்லைங்க சார், இல்லைங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொந்தக்காரர் ஒருவர் காமாலைதான் என்று முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்து டிபன் பாக்ஸில் கொண்டு வந்து, மூக்குக் குழாய் வழியாக ஊற்றலாமா என்று நர்ஸிடம் கேட்டே விட்டார்.

கேட்ட டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருந்தது அந்த ஒற்றை வரிதானே. அப்புறம் வந்த பெரிய டாக்டர்தான் விளக்கினார். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு கல்லீரலுக்குப் போகிறதாம். அது நின்றால் கல்லீரல் செல்களும் அடிபடும், ஷாக் லிவர் என்பார்கள். எண் ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், ரத்த ஓட்டம் சீரானால் மளமளவென்று இறங்கும். குடியால் மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறுவது அபூர்வம். இதற்கென்று தனி மருந்து கிடையாது, இதயத்தையும் பிபியையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சர்க்கரையையும் ரத்தம் உறைவதையும் கவனிக்க வேண்டும். சித்தப்பாவுக்கும் அப்படித்தான் இறங்கியது.

ஆகவே கேட்பது ஒன்றுதான். எத்தனை நிமிஷம் நின்றது, பிபி எப்படி இருந்தது, ரத்தப் பரிசோதனை எண்கள் எந்தத் தேதியில் எவ்வளவு, இதைச் சீட்டில் எழுதுங்கள். நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். கையுறை எத்தனை ஜோடி, சிரிஞ்சு எத்தனை என்று பில்லில் எண்ணி எழுத மட்டும் உங்களுக்கு நேரம் இருந்தது! இதயம் நின்ற நிமிஷத்துக்கும் ஒரு ரேட் போட்டிருந்தால் ஒருவேளை அதுவும் வந்திருக்குமோ என்னவோ. இரண்டு மாவட்டத்திலும் இத்தனை ஆஸ்பத்திரி இருந்தும் ஏன் எல்லோரும் கணவாய் இறங்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

சரி, பணிவாகவே கேட்கிறேன். நிமிஷக் கணக்கைச் சீட்டில் எழுதுங்கள். கல்லீரலும் அடிபட்டிருக்கலாம், ஓரிரு நாள் எண் ஏறி அப்புறம் இறங்கும் என்று வீட்டு ஆட்களிடம் தமிழில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு நோயாளியின் அண்ணன் மகன்