அந்தப் புண்ணாக்கு மூட்டைகள் பற்றி

அன்புள்ள அம்மிணி,

மாப்பிள்ளை போனில் சொன்னதிலிருந்து எனக்கு அந்தக் கடலைப் புண்ணாக்கு நினைப்பாகவே இருக்கிறது. மழையில் நனைந்த சரக்கு, பாதி விலை, மேலே கொஞ்சம் பூசணம். தட்டிவிட்டு வெயிலில் காயவைத்தால் மாடு தின்றுவிடும் என்று விற்றவர் சொன்னாராம். போனில் விளக்கமாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். அதை மாட்டுக்கு வைக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரிகிற பச்சைப் பூசணம் தட்டினால் போய்விடும், சரி. அது வளரும்போது உண்டாக்குகிற அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உள்ளேயே கிடக்கும். பார்த்தும் தெரியாது, மோந்தும் தெரியாது. காயவைத்தால் பூசணம் மேலும் வளராது, அவ்வளவுதான். ஊறவைத்துக் கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது.

மூட்டை நனைந்தால்தான் வரும் என்றும் இல்லை. காய் முற்றுகிற நேரத்தில் வறட்சி அடித்தால் மண்ணுக்குள்ளேயே பூசணம் ஏறிவிடும். நல்ல பருப்பைப் பொறுக்கிச் சாப்பாட்டுக்கு அனுப்புவார்கள்; சுருங்கியதும் உடைந்ததும் செக்குக்கு வரும். ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. என்ன நோய் என்றே முதலில் யாருக்கும் புரியவில்லை. தேடிப் போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்கப்புறம் வைத்ததுதான்.

கோழியில் இது என்ன செய்யும் என்று நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். டாக்டர் அறுத்துக் காட்டிய கோழியில், கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறி மஞ்சளாக வீங்கியிருந்தது; விரல் பட்டதும் பிய்ந்து வந்தது. முட்டை குறையும், போட்ட தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அதனால்தான் இங்கே மக்காச்சோள லாரி வந்தால் இறக்குவதற்கு முன்னால் ஈரப்பதம் பார்க்கிறோம். 14 சதவீதத்துக்கு மேல் காட்டினால் விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

கறவை மாட்டில் இன்னும் மோசம், ஏனென்றால் மாடு நன்றாக இருக்கிற மாதிரியே தெரியும். ஈரல் அந்த நஞ்சைக் கொஞ்சம் மாற்றிப் பாலில் விட்டுவிடும். இன்று தின்றது நாளைக் கறவையில் இருக்கும். அதற்கு அஃப்ளடாக்சின் எம்1 என்று பேர். காய்ச்சினாலும் போகாது, தயிராக்கினாலும் போகாது. 1,000 லிட்டர் பாலுக்கு அரை மில்லிகிராம்தான் நம் நாட்டில் வரம்பு. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்ததில் 368இல் இது வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551க்கு 88. தண்ணீர் கலப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். உன் பையன் குடிப்பதும் அந்த மாட்டுப் பால்தானே, கண்ணு. ஈரலில் புற்றுநோய் உண்டாக்குகிற நஞ்சு இது.

டாக்சின் பைண்டர் கலந்துவிட்டால் போதும் என்று மாப்பிள்ளை சொல்வார். பென்டோனைட் களிமண் மாதிரிப் பொருள்கள் குடலிலேயே இந்த நஞ்சைப் பிடித்துக்கொள்வது உண்மை. நாங்களும் போடுகிறோம். ஆனால் அது நல்ல தீவனத்தில் கண்ணுக்குத் தப்பி வருவதற்கு. கெட்டது என்று தெரிந்தே வாங்கிப் போட்டால் அதுவும் தாங்காது.

விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கலாமே என்று யோசிப்பீர்கள். அவர் அதை இன்னொரு வீட்டு மாட்டுக்குத்தான் விற்பார். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஆட்டுக்கோ கோழிக்கோகூடப் போட வேண்டாம். போன பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன். மாப்பிள்ளை சங்கடப்பட வேண்டாம் என்று சொல்.

இதுவரை வைத்துக்கொண்டிருந்த பழைய தீவனத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். மாதிரி எடுக்கும்போது ஒரே மூட்டையில் அள்ளாதே. இந்த நஞ்சு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது, ஒரு கை சுத்தமாக இருக்கும், அடுத்த கை நிறைய இருக்கும். எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ காகிதப் பையில் போட்டு அனுப்பு. பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்து வழியிலேயே பூசணம் வந்துவிடும். இங்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தீவன ஆய்வகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராமுக்குள் வந்தால் தொடர்ந்து வைக்கலாம். கூடினால் உடனே நிறுத்து. நிறுத்திய சில நாளில் பால் தெளிந்துவிடும். அதுவரை பையனுக்கு வேறு பால் கொடு.

மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை போட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்கச் சொல். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்துவிட்டால் நல்லது. அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், மாதிரி கொண்டுவருகிற ஆளிடமே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா