பகடை உருட்டினாலே சூதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைபேசியில் பகடை உருட்டும் விளையாட்டு எதுவானாலும் தடை செய்ய வேண்டும் என்று இந்தப் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ரம்மியில் பணத்தைத் தொலைத்து நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்களைப் பார்த்த கோபம் அவருக்கு. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் ‘எதுவானாலும்’ என்று சொன்னதில் எங்கள் சனிக்கிழமை ராத்திரியும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

நான் அம்பத்தூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு பெரம்பூர். டெலிகிராமில் இருபது பேர் சேர்ந்து தமிழில் ஒரு கதையை நடித்தபடியே எழுதி வருகிறோம். கற்பனையான ஒரு துறைமுக நகரம், ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் தளபதி, ஒருவர் உப்பு வணிகர், நான் சுங்கக் கணக்கர் (அங்கேயும் விடவில்லை கணக்கு). அவ்வப்போது ஒரு சனிக்கிழமை போர் வைப்போம்; கோட்டை முற்றுகை, கொள்ளையர் தாக்குதல் என்று ஏதாவது ஒன்று.

சண்டை கதைக்குள்ளேயே நின்றால் பரவாயில்லை. “என் வாள் உன் தோளில் இறங்கியது” என்று ஒருவர் எழுதுவார். “அதற்குள் நான் விலகிவிட்டேன்” என்பார் அடுத்தவர். “நீ விலகுவாய் என்று தெரிந்துதான் அந்தப் பக்கமே வீசினேன்” என்று பதில் வரும். அப்புறம் நள்ளிரவு வரை அட்மின் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ண வேண்டும். அடி விழுந்ததா இல்லையா என்பதை யார் பக்கமும் சாயாதவர் ஒருவர் சொன்னால் தகராறு தீரும். பகடையை விட அதற்குப் பொருத்தமானவர் யார்?

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் விளையாட்டிலிருந்து வந்த 20 முகப் பகடையைத்தான் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் கொண்டுவந்தார்கள். அதில் எந்த எண்ணும் விழ ஒரே 5 சதவீத வாய்ப்புதான். 1 விழுவதும் 10 விழுவதும் 20 விழுவதும் ஒன்று. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பொழுதுக்கும் ஆடுவதற்கு அந்த விதிப் புத்தகங்கள் அருமையானவை. இருபது பேர் ஆளுக்கொரு ஊரிலிருந்து, ஒருவர் மின்சார ரயிலில் நின்றுகொண்டு, இன்னொருவர் தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு ஆடும்போது, யாரும் அட்டவணை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என் வீட்டில் மயிலாப்பூர் மாடவீதியில் வாங்கிய பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி இருந்தது. கடைசியில் அதையே எடுத்துக்கொண்டோம். நீளக் கட்டை, நாலு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றதில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் 3 விழ நாலு வழி, தாயம், அதாவது 1, விழ இரண்டு வழி, 6 விழ ஒரே வழி. நடு எண்கள் அடிக்கடி விழும், ஓரத்து எண்கள் அபூர்வம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்பது வழிவழியாக வந்த விதி. எல்லாவற்றையும் விடத் தாழ்ந்த உருட்டல் எல்லாவற்றையும் விட உயர்ந்ததாகிவிடுகிறது பாருங்கள், அதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

எங்கள் விதி இவ்வளவுதான். சண்டையிடும் இருவரும் ஆளுக்கு ஒரு தடவை உருட்டுவார்கள். பெரிய எண் வெல்லும், தோற்றவருக்கு ஒரு காயம், மூன்று காயம் பட்டவர் களத்தை விட்டு விலக வேண்டும். சமமாக விழுந்தால் ஆயுதங்கள் சிக்கிக்கொண்டன என்று பொருள். சம பலம் உள்ளவர்களுக்குள் ஏறக்குறைய ஆறில் ஒரு தடவை இப்படி ஆகும், அந்த இடைவெளியில் மூன்றாவது ஆள் உள்ளே புகலாம். போர்ப் பயிற்சி உள்ள பாத்திரத்துக்கு 1 அல்லது 2 கூட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று உதவுகிற ஒவ்வொருவருக்கும் 1 கூடும். ஆனால் எப்படிக் கூட்டினாலும் 2-க்கு மேல் கிடையாது.

ஏன் 2 என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 1 கூடுதலாக உள்ளவர் நூற்றுக்கு 59 தடவை வெல்கிறார், எளியவர் 27, மீதி சமம். வித்தியாசம் 2 ஆனால் 73, எளியவருக்கு 16. மூன்றாகிவிட்டால் 84-க்கு 9. ஒன்பது சதவீதத்தை நம்பிச் சனிக்கிழமை ராத்திரி யார் முழித்திருப்பார்கள்?

கணக்கை விட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. தோல்வியைத் தோற்றவர்தான் எழுத வேண்டும். வென்றவர் வாயைத் திறக்கக் கூடாது. கொள்ளையர் தாக்குதல் வைத்த இரவில் தளபதி கட்சி மாறிவிட்டார், வாயிலை மறித்து நின்றது உப்பு வணிகர். தளபதிக்குக் கூடுதல் 2. வணிகருக்கு ஒன்றும் இல்லை. தளபதிக்கு 5 விழுந்தது, கூட்டினால் 7. வணிகராக எழுதும் திருவொற்றியூர் அக்கா உருட்டினார்: இரண்டும் வெறுமை. குழுவில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் தளபதியாக எழுதும் தம்பியே எழுதினான்: “மூட்டையைக் கிழித்தேன். நெல் என்று நினைத்தேன். கண்ணில் உப்பு.” அதற்கு மேல் அந்த அக்காவால்கூட எழுதியிருக்க முடியாது. அடித்தவர் எழுதியிருந்தால் அன்றைக்கும் பஞ்சாயத்துதான்.

உருட்டுவதில் தில்லுமுல்லு வராதா என்றால், குழுவில் ஒரு பாலிடெக்னிக் மாணவன் சின்னதாக ஒரு போட் (குழுவில் தானாகப் பதில் போடும் நிரல்) எழுதிக் கொடுத்திருக்கிறான். ‘தாயம்’ என்று தட்டினால் இரண்டு எண்கள் வரும். அது படுத்துக்கொண்டால் டெலிகிராமிலேயே இருக்கும் பகடைப் படத்தை இரண்டு தடவை அனுப்பலாம்; என்ன எண் என்பதை அவர்களுடைய சர்வர்தான் முடிவு செய்கிறது. 4 விழுந்தால் வெறுமை, 5, 6 விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். ஃபார்வர்ட் செய்த பகடை செல்லாது.

இதில் ஒரு பைசா கைமாறுவதில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் பணம் கட்டி ஆடுவதைத்தான் தடை செய்கிறது. பொழுதுபோக்குக்காக ஆடும் சமூக விளையாட்டுகளைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. பெரியவர் துணைக்கு அழைத்த திருக்குறளின் 94-ம் அதிகாரமும் பொருளை வைத்து இழக்கிறவனைப் பற்றித்தான் கவலைப்படுகிறது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழித்துப் பரமபதம் ஆடுகிற வீடுகளை யாரும் சூதாட்ட விடுதி என்று சொல்வதில்லையே.

தங்கள் ஞாயிறு இணைப்பில் சுடோகு வரும் பக்கத்தில் என்றைக்காவது இடம் மிஞ்சினால் இந்த விதிகளைப் போடலாம். பள்ளித் தமிழ் மன்றங்களில் பிள்ளைகளுக்கு நாலு வரி சொந்தமாக எழுத ஒரு சாக்கு கிடைக்கும். கடற்போருக்கு மட்டும் எங்களிடம் இன்னும் விதி அமையவில்லை. காற்றின் திசைக்கு எவ்வளவு கூட்டுவது, கப்பலுக்கு எத்தனை காயம் என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடல் தெரிந்த வாசகர் யாராவது இருந்தால் இதே பகுதியில் எழுதட்டும்.

– ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை-11