கதைக்கு அடியில் இருக்கும் அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதிபோதனை வகுப்புகள் பெயருக்குத்தான் நடக்கின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரை வருத்தப்பட்டிருந்தது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பாடவேளைகளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற முடிவு எனக்கு ஒப்பவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து, எது சரி எது தப்பு என்று பேசிவரும் ஆசிரியை நான். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியல் அறிஞர் ழான் பியாஜே 1932-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனைக் கதை உண்டு. சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று ஒரு பையன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் கோப்பைகள் வைத்த தட்டு இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாமை எடுக்கப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சிறு பிள்ளைகளில் பலர் 15 உடைத்தவனைத்தான் சொன்னார்கள். வளர வளர நோக்கத்தைப் பார்த்தார்கள். பெரியவர்களின் கட்டளையைவிட, சக பிள்ளைகளோடு சமமாகப் பழகிப் பேசுவதே இந்த மாற்றத்துக்கு உதவுகிறது என்பது பியாஜேயின் கருத்து.

இதே கதையை என் வகுப்பில் சொன்னேன். "தெரியாமத்தானே உடைச்சான், அவன் மேல தப்பே இல்ல" என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்லிவிட்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன். அதுவரை வாய் திறக்காத ஒரு சிறுமி, "அப்போ அவன் சாரி சொல்ல வேண்டாமா?" என்றாள். வகுப்பே அமைதியானது. பதில் என் நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் சொன்னான்: "தப்பு பண்ணாத்தான் சாரின்னு இல்ல. அவங்க கோப்பை போச்சுல்ல, அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல, அதுக்கும் சொல்லலாம்." குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்று நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மேத்யூ லிப்மன் என்ற தத்துவப் பேராசிரியர் 1974-ல் அமெரிக்காவின் மாண்ட்கிளேர் கல்லூரியில் குழந்தைகளுக்கான தத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். கதையைப் படிப்பது, பிள்ளைகளே கேள்வி எழுப்புவது, காரணத்தோடு பேசுவது, அடுத்தவர் சொன்னதைக் காதில் வாங்கித் தன் கருத்தைத் திருத்திக்கொள்வது என்பதுதான் முறை. கேட்க எளிது. ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் இதில் மிகக் கடினம்.

இப்படிப் பேசவிட்டால் 'அவரவருக்கு அவரவர் நியாயம்' என்று போய்விடாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அது நியாயமான பயம். பிளேட்டோவே 'குடியரசு' நூலில், வாதத்தின் ருசி கண்ட இளைஞர்கள் நாய்க்குட்டிகளைப் போல எதையும் கடித்துக் குதறுவார்கள் என்று எச்சரிக்கிறார். அதனால்தான் காரணம் கேட்காமல் எந்தக் கருத்தையும் விடக் கூடாது. "எல்லாம் அவங்கவங்க இஷ்டம்" என்று ஒருவன் சொன்னபோது, "உன் பென்சில் பாக்ஸை நான் எடுத்துக்கறேன், எனக்கு இஷ்டம்" என்றான் பக்கத்தில் இருந்தவன். அன்று வட்டம் கலையும்வரை அதைப் பற்றித்தான் பேச்சு.

எல்லாவற்றையும் விவாதமாக்கவும் முடியாது. ஒரு பிள்ளை அடிவாங்கிக்கொண்டிருக்கும்போது 'அடிப்பது சரியா' என்று வட்டம் கூட்டுவது கொடுமை. முதலில் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. இதனால் மதிப்பெண் கூடும் என்று சொல்லி இதை விற்காதீர்கள். இந்த முறையைப் பற்றி இங்கிலாந்தில் 2015-ல் வெளியான ஆய்வு வாசிப்பிலும் கணக்கிலும் சிறு முன்னேற்றத்தைக் காட்டியது. 2021-ல் வந்த பெரிய ஆய்வில் வாசிப்பில் அந்தப் பலன் தெரியவில்லை. ஒரு பிள்ளை "நான் போன வாரம் சொன்னது தப்பு மிஸ்" என்று தானாக வந்து சொல்வதற்கு மதிப்பெண் எதற்கு?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதிக் கதைகளின் அடியில் 'நீதி' என்று ஒரு வரி போடுகிறீர்கள். நான்கு வாரங்களுக்கு மட்டும் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்வியை அச்சிடுங்கள். பதில் எழுதச் சொல்லிப் பிள்ளைகளைக் கேளுங்கள். வருகிற கடிதங்களைத் திருத்தாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை