காயாத ஊதா மை: ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஊதா மையை இறக்குமதி செய்து விற்கும் நிறுவனம், கோலாலம்பூர்.

பொருள்: 50 மில்லி ஊதா மை காய்வதில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் லேபிளைத் திருத்தவும் கோருவது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் புதிதாக இறக்கியிருக்கும் ஊதா ஊற்றுப்பேனா மையை ஈப்போவில் ஓர் எழுதுபொருள் கடையில் 68 மலேசிய வெள்ளி கொடுத்து வாங்கினேன். அந்த மை காய்வதில்லை. இதை வாட்ஸ்அப்பில் உங்கள் ஆட்களிடம் சொன்னதற்கு, 'உயர்தரத் தாளில் எழுதுங்கள், ஈரப்பதம் அதிகமுள்ள இடத்தைத் தவிர்த்து விடுங்கள்' என்று பதில் வந்தது. கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அந்தப் பதிலுக்கு வாட்ஸ்அப் போதாது என்றுதான் இதைக் கையால் எழுதி அஞ்சலில் அனுப்புகிறேன். நீலக்கறுப்பு மையில் எழுதியிருக்கிறேன், பயப்படாமல் பிடித்துப் படிக்கலாம்.

முதலில் அந்த ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த நாட்டில் காற்றின் ஈரப்பதம் வருடம் முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். எங்கள் ஊருக்கு மேற்கே போனால் மழைக்குப் பேர்போன தைப்பிங். தென்கிழக்கே கேமரன் மலைக்கு ஏறினால் மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வரும். நான் எங்கே போய் உட்கார்ந்து எழுதுவது? குளிர்சாதனம் போட்ட உங்கள் அலுவலகத்திலா? ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இந்த மை நன்றாகக் காயலாம். நீங்கள் விற்பது இங்கே.

லேபிளில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 'விரைவில் காயும்' என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, 'பதிவேடுகளுக்கும் ஏற்றது'. இந்த இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் வாங்கினேன். நான் தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதியவன். ஓர் ஆளின் பேருக்கு நேரே போட்ட புள்ளி அழிந்தால் அவர் ஒரு நாள் கூலி போயிற்று. அதனால் பதிவேடு என்ற வார்த்தையை நான் சும்மா படித்துவிட்டுப் போக மாட்டேன்.

இனி மைக்கு வருவோம். என் பழைய ஹீரோ பேனாவைத் தண்ணீர் விட்டு அலசி, காயவைத்து, உங்கள் மையை ஊற்றினேன். எழுதும்போது குறை சொல்ல முடியாது. முள்ளில் வழுக்கிக்கொண்டு போகிறது. நிறமும் அழகு, நல்ல பழுத்த மங்குஸ்தீன் தோல் மாதிரி. கொஞ்ச நேரத்தில் எழுத்தின் ஓரத்தில், மை தேங்கும் வளைவுகளில், செம்புத் தகடு போல ஒரு மினுமினுப்பு ஏறியது. 'ழ'வின் வாலில் அது நன்றாகவே தெரிந்தது. பேனாப் பிரியர்கள் இந்த மினுமினுப்புக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்று என் பேத்தி சொன்னாள். சரி, அவர்கள் கொடுக்கட்டும். மறுநாள் காலையில் அந்த மினுமினுப்பின் மேல் சுட்டுவிரலை லேசாக வைத்தேன். விரல் ரேகை முழுக்க ஊதா. தாளில் 'ழ' இருந்த இடத்தில் ஒரு தேய்ப்பு.

தாளைக் குறை சொல்வீர்கள் என்று தெரியும். அதே தாளில், அதே பேனாவில், நீலக்கறுப்பு மையில் எழுதியது பக்கத்தைத் திருப்பும் முன் காய்ந்துவிட்டது. நீங்கள் சொன்ன உயர்தரத் தாளையும் பேத்தி வாங்கி வந்தாள். அதில் இன்னும் மோசம். வழவழப்பான தாள் மையைக் குடிக்காது, எல்லாம் மேலேயே நிற்கும். சாதாரணப் பள்ளி நோட்டுத் தாளாவது பாதியை உறிஞ்சிக்கொள்கிறது.

காரணத்தையும் தேடிப் பார்த்தேன். ஊற்றுப்பேனா மை என்பது பெரும்பாலும் தண்ணீரில் கரைத்த சாயம். தண்ணீர் தாளுக்குள் இறங்கி, மீதி ஆவியாகிப் போனதும் சாயம் நார்களில் பிடித்துக்கொள்ளும். தாள் பிடிக்க முடியாத அளவுக்குச் சாயத்தைக் கொட்டினால், மிச்சம் மேலே ஏடு கட்டும். அந்த ஏடுதான் உங்கள் மினுமினுப்பு. ஈரக் காற்றோ வேர்வை விரலோ பட்டால் அது மறுபடி கரையும். போதாததற்கு, முள் காயாமல் இருக்க மையில் கிளிசரின் வகையறா சேர்ப்பது உண்டு. அந்தச் சரக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடுதல் சாயமும் அதுவும் சேர்ந்து நம் நாட்டுக் காற்றுக்கு வந்தால் காய வழியே இல்லை. நான் கொஞ்சம் மையை மூடியில் எடுத்துச் சுத்தமான தண்ணீர் கலந்து எழுதிப் பார்த்தேன். மினுமினுப்பு போய்விட்டது, மையும் ஒழுங்காகக் காய்ந்தது. ஆக, கோளாறு தாளிலும் இல்லை, சுங்கை சிப்புட்டிலும் இல்லை. புட்டிக்குள் இருக்கிறது.

எழுதிய தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வேறொரு வேடிக்கை. ஊதா இரண்டாகப் பிரிந்து, இளஞ்சிவப்பு வெளியே ஓடி வட்டம் கட்டுகிறது, நீலம் நடுவில் தங்குகிறது. இரண்டு சாயத்தைக் கலந்து ஊதா செய்வதில் தப்பில்லை. ஆனால் தண்ணீர் பட்டதும் ஒன்று ஓடிவிடும் மைக்குப் 'பதிவேடு' என்று எப்படிப் பேர் வைத்தீர்கள்? இன்னொரு தாளைப் பாதி மூடி ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தேன். வெயில் பட்ட பாதி வெளிறிவிட்டது.

பதிவேட்டு மை எப்படி இருக்க வேண்டும் என்பது ஒன்றும் ரகசியமில்லை. இரும்பு உப்பும் கடுக்காய் போன்றவற்றில் உள்ள துவர்ப்புச் சத்தும் சேர்ந்த மை, காற்றுப் பட்டதும் கறுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். நூற்றாண்டுக் கணக்காக ஐரோப்பாவில் சாசனங்களும் பத்திரங்களும் அந்த மையில்தான் எழுதப்பட்டன. அதிலும் ஊதாச் சாயல் உள்ளவற்றை இன்றும் செய்கிறார்கள். வேகமாகக் காயும் மையும் புதுச் சங்கதி இல்லை. பார்க்கர் நிறுவனம் அதைச் சொல்லியே 1931-இல் குவிங்க் மையை விற்கத் தொடங்கிவிட்டது.

அப்புறம், ஊதா எனக்குப் புது நிறம் என்றும் நினைத்துவிட வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது பழகிய நிறம். ஆஸ்பத்திரியில் டிரெஸர் சொறி சிரங்குக்குத் தடவிய ஜென்ஷியன் வயலட், சம்பள நாளில் கட்டைவிரலை உருட்டிக் கைநாட்டு வைத்த மைப் பஞ்சு, ஆபீஸில் எச்சில் தொட்டு எழுதிய காப்பிங் பென்சில், எல்லாம் ஊதா. அந்தப் பென்சில் எழுத்தை ரப்பர் போட்டு அழித்துவிட முடியாது. அதனால்தான் கணக்கு எழுத அதைக் கொடுத்தார்கள். இந்த நிறம் பிறந்த கதைகூட நமக்குத் தூரமானதில்லை. 1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் ஹென்றி பெர்கின், மலேரியாவுக்கான கொயினாவைச் செயற்கையாகச் செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் இடத்தில், வரிசையாக நிறுத்தி வைத்துக் கொயினா கொடுத்த காலத்தை என் அப்பா கதை கதையாகச் சொல்வார்.

இனி நஷ்டத்துக்கு வருகிறேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், முன்பு பக்கத்து வீட்டில் இருந்தவரின் மகளுக்குக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மொய் எழுத என்னை உட்கார வைத்தார்கள். 'பதிவேடுகளுக்கும் ஏற்றது' என்று இருக்கிறதே, மங்கலமான நிறமாகவும் இருக்கிறதே என்று உங்கள் மையில் எழுதினேன். மண்டபத்தில் மின்விசிறி சுற்றுகிறது, வெளியே மழை, உள்ளே கூட்டம். பக்கம் நிறைந்ததும் ஒற்றுத்தாள் வைத்து ஒற்றித்தான் திருப்பினேன். மறுநாள் நோட்டைத் திறந்தால் இடது பக்கத்துப் பெயர்கள் வலது பக்கத்தில் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி ஒட்டியிருக்கின்றன. ஒருவர் பேருக்கு நேரே 50-ஆ 500-ஆ தெரியவில்லை. இன்னொரு வரியில் தொகை இருக்கிறது, ஆளைக் காணோம். நோட்டில்தான் இருக்கிறதே என்று மொய்க் கவர்களை அன்றிரவே குப்பையில் போட்டாயிற்று.

மொய் என்றால் என்னவென்று உங்கள் சேவைப் பிரிவில் யாராவது தமிழர் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள் திருப்பிச் செய்ய வேண்டும், குறையாமல். 'அண்ணே, நீங்க எவ்வளவு வெச்சீங்க?' என்று போன் போட்டுக் கேட்க முடியுமா? பெண்ணைப் பெற்றவர் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவர் மனைவி பேசினார்.

2013 பொதுத்தேர்தலில் விரலில் வைத்த மை அன்றைக்கே கழுவினால் போய்விட்டது என்று நாடே பேசிச் சிரித்தது. போக வேண்டாத மை போனது அப்போது. இப்போது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் விரலுக்கு வருகிறது உங்கள் மை. சொல்ல மறந்தேன், பேனாவின் ரப்பர் பையைத் தாங்கும் கண்ணாடி போன்ற குழாயும் இளஞ்சிவப்பாகிவிட்டது. எவ்வளவு அலசியும் போகவில்லை. அதற்கு நான் பணம் கேட்கவில்லை.

நான் கேட்பது இவைதான். 68 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். இன்னும் விற்காத புட்டிகளின் லேபிளில் அந்த இரண்டு வரிகளையும் எடுங்கள். அழகுக்காக எழுதும் மை, காய நேரமெடுக்கும் என்று போட்டாலும் வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்வார்கள். என் பேத்தியே வாங்குவாள். கல்யாண வீட்டாருக்கு உங்கள் நிறுவனத்தின் கடிதத்தாளில் ஒரு வருத்தக் கடிதமும் வேண்டும். மொய்த்தொகை விஷயத்தில் உறவுக்காரர்களிடம் காட்ட அவர்களுக்கு அது உதவும்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, விற்கும் பொருள் அதன் வருணனையோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது. வருணனையை எழுதியது நீங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட 5 வெள்ளி கட்டணம், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். என் கணக்கு 68. ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் போய் மனுப் போட எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் வரவில்லை என்றால் போவேன். பதிலைத் தமிழிலோ மலாயிலோ எழுதலாம், சிரிப்புப் பொம்மை வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

இணைப்பு: கடை ரசீதின் நகல், வாட்ஸ்அப் பதிலின் நகல், மொய் நோட்டின் இரண்டு பக்கங்களின் நகல், பெயர்கள் மறைக்கப்பட்டவை, உங்கள் மையில் எழுதிய மாதிரித் தாள் ஒன்று. மாதிரித் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன். வெளியே எடுப்பவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் கவனம்.