ஜூடோ சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, மாஸ்டர் அவர்களே, உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கிழிந்த மேட்களில் பாதியை மாற்றிவிட்டோம். மீதி வரும் ஆண்டில். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, மாணவர்கள் மாஸ்டரிடம் கேள்வி கேட்கும் சனிக்கிழமைக் கேள்வி நேரத்தைப் பற்றி.

ஜூடோவுக்கு இது புதிதல்ல. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ இளைஞராக ஜூஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பயின்றபோது, ஒரு வீச்சில் கை எங்கே, கால் எங்கே என்று ஆசிரியரைக் கேட்டால், பதிலாக மறுபடி தூக்கிப் போடுவாராம். 1882இல் டோக்கியோவில் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ, கட்டா (வரையறுத்த அசைவுப் பயிற்சி), ரண்டோரி (எதிராளியோடு கட்டற்ற பயிற்சி) ஆகியவற்றோடு விரிவுரையையும் கேள்வி பதிலையும் பயிற்சி முறையிலேயே சேர்த்தார். நாம் விட்டுவைத்திருந்ததே அந்தக் கடைசி இரண்டைத்தான்.

எதிராளியின் காலை வெளிப்பக்கமாக வாரி வீழ்த்தும் ஓசோட்டோ காரி பழகிய ஒரு நாள், கேள்வி நேரத்தில் ஒரு மாணவி, "மாஸ்டர், காலைச் சரியாத்தானே போடறேன், ஏன் அவ விழமாட்டேங்கறா?" என்று கேட்டாள். மாஸ்டர் இருவரையும் பிடித்தபடி நிற்கவைத்து, எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டார். இரண்டு காலிலும் சமமாக இருந்தது. கையால் இழுத்து, பின்பக்கமாகச் சாய்த்து, எடை ஒரே குதிகாலுக்குப் போனபிறகு வாரினால் பெரிய பலம் வேண்டாம். அதற்கு முன்பே வாரினால் எதிராளி அதே வீச்சைத் திருப்பி நம்மை விழவைக்கலாம். அப்புறம் குதிகாலை வாரும் கோசோட்டோ காரி பழகும்போது, யாரும் சொல்லாமலே பிள்ளைகள் குதிகாலைக் கவனித்தார்கள். இந்த ஆண்டில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி அதுதான்.

எதிராளியின் உள்தொடையைக் காலால் தூக்கி வீசும் உச்சிமாட்டாவில் தலையை முன்னே கவிழ்த்துப் பாய்ந்தால் ஹன்சோகு மாகே, நேராக வெளியேற்றம். கூடாது என்றபோது மறந்துபோன பையன்கள், எடை எல்லாம் கழுத்தில் இறங்கும் என்று விளக்கியதும் தாங்களே தலையை நிமிர்த்திக்கொள்கிறார்கள்.

பேச்சில் நேரம் போகிறதே என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கவலை. சின்னப் பிள்ளைகளால் ரொம்ப நேரம் உட்கார முடியாது. உடம்பு சூடு ஆறியபின் வீசுவதும் நல்லதல்ல. அதனால்தான் பயிற்சி முடிந்தபிறகு வைக்கிறோம், நின்று காட்டுவதோடு சரி. சிறுவர் பிரிவை முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

வரும் ஆண்டிலும் இதைத் தொடரவும், மூத்த மாணவர்கள் முறைவைத்து ஆளுக்கொரு வீச்சை விளக்கவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன். அரங்கை அரை மணி நேரம் கூடுதலாகத் தரும் பள்ளி நிர்வாகத்துக்கு நம் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்